மூச்சுப் பட்ட கண்ணாடி

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆராய்ச்சி நிலையத்து வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். எங்கள் நிலையத்தின் பெரிய விஞ்ஞானி, நாங்கள் பெரியவர் என்கிறவர், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குனிந்து நிற்கிறார். வலது கை ஒரு திருகைப் பிடித்திருக்கிறது. நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுந்து கிடக்கிறது. அந்த நிமிஷம்தான் பெரிய உண்மை ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது போல இருக்கும். அவர் பிடித்திருப்பது பூட்டுத் திருகு. வேலை முடிந்து மூடும்போது குழாய் ஆடாமல் இருக்க இறுக்கி வைப்பது. அதைத் திருப்பினால் ஒன்றும் தெரியாது. பார்வையைச் சரிசெய்கிற திருகு இடது பக்கம் இருந்தது. அதை அந்தப் பக்கம் மாற்றிக் கொடுத்தவன் நான். ஏனென்றால் அதில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் பெரியவரின் மனைவி, நாங்கள் அம்மா என்போம், அவருக்கு இடதுகைப் பழக்கம்.

படம் எடுத்த அன்று விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று பட்டறையிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போகும்போது அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அளவு எடுத்துக்கொண்டிருந்தார். சார் உட்கார வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்றார் படக்காரர். அம்மா எழுந்து சுவரோரம் நின்றார். சுவரில் நிழல் விழுகிறது என்றார் படக்காரர். அம்மா கதவுக்கு வெளியே போய் நின்றார். பெரியவர் உட்காரப் பார்த்தார். ஸ்டூல் குட்டை, மேசையும் குட்டை, முழங்கால் இடித்தது. அதனால்தான் நின்றபடி குனிந்தார். அந்தக் குனிவைப் பார்த்துவிட்டு, மாமேதையின் அடக்கம் என்று யாரோ கட்டுரை எழுதினார்கள். அதையும் படித்துத் தொலைத்தேன்.

நான் அந்த நிலையத்தின் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவன். லேத்து என் கைக்கு வந்தபோது எனக்கு மீசை வரவில்லை. படித்தவர்கள் படம் வரைந்து கொண்டுவருவார்கள், நான் இரும்பில் செய்து கொடுப்பேன். யாரிடமும் சிரித்துப் பேசுகிற வழக்கம் இல்லை. அம்மா முதன்முதலாக வந்து, மைக்ரோஸ்கோப் திருகை இடது பக்கம் மாற்ற வேண்டும் என்று கேட்டபோதும் வள்ளென்றுதான் விழுந்தேன். எல்லா மெஷினும் வலது கைக்குத்தான் வரும், நீங்கள்தான் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்றேன்.

"எங்கம்மா இந்தக் கையைத் திருத்தறேன்னு கரண்டியால அடிச்சே பார்த்தாங்க தம்பி. கரண்டிதான் வளைஞ்சுது. நீங்க மெஷினைத் திருத்துங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையில் இருந்தவர்கள் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், இந்த ஆளுக்குச் சிரிக்கவும் வருமா என்று.

திருகை மாற்றினேன். பிறகு ஸ்டூலின் காலை அறுத்தேன். அம்மா குள்ளம், கால் தரையில் படாமல் தொங்கி மரத்துப்போகிறது என்றார். ஸ்டூலைக் குறைத்ததும் மேசை உயரமாகிவிட்டது. அதன் காலையும் அறுத்தேன். கடைசியில் எல்லாம் அவர் உடம்புக்கு ஏற்றபடி வந்தது. உட்கார்ந்தால் கண் மைக்ரோஸ்கோப்பில், மூக்கு அவர் அளக்கிற கண்ணாடிப் பட்டைக்கு ஒரு விரல் மேலே. வசதியாக இருக்கிறது என்றார். அந்த வசதி பின்னால் என்ன செய்யப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அம்மாவின் அறை என்று பெயர்தான், அது மாடிப்படிக்கு அடியில் உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த இடம். ஒரு ஜன்னல், அதுவும் பாதி சுவர். பெரியவரும் அம்மாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பரீட்சையில் அம்மா முதல், அவர் இரண்டாவது. விருந்துகளில் அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் நிலையத்தில் ஒரு சட்டம் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலையில் இருக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஒருவர் போதும் என்று இருவரில் ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். யாரை என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மா வீட்டில் உட்காரவில்லை. அவரைக் கௌரவ விருந்தாளி என்று வைத்துக்கொண்டார்கள். விருந்தாளி என்றால் வாசல் காவலரிடம் தினமும் பதிவு போட வேண்டும். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். முதல் நாள் காவலர் அதைக் காட்டி, சார் பேரை எழுதுங்கள் என்றாராம். அவரை வீட்டிலேயே பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மா அந்தக் கட்டத்தில் 'கண்ணாடி' என்று எழுதினார். அன்றிலிருந்து தலை நரைக்கும்வரை தினமும் அதே வார்த்தைதான். காவலர்கள் மாறினார்கள், அவர் எழுதியது மட்டும் மாறவில்லை. பட்டறையிலும் சமையல்கூடத்திலும் எல்லாருக்கும் அவர் கண்ணாடியம்மா.

வேலை இதுதான். பென்சில் அகலத்துக்குக் கண்ணாடிப் பட்டை. அதில் வைர முனையால் மயிரிழை போல ஒரு கீறல். இரண்டு பக்கமும் தாங்கி வைத்து, நடுவில் எடை தொங்கவிட வேண்டும். பிறகு கீறலின் நுனியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். நாமெல்லாம் கண்ணாடி பட்டென்று உடைகிறது என்று நினைக்கிறோம். அது உடைவதற்கு முன்னால் ரொம்ப நேரம், சில சமயம் ரொம்ப நாள், ஓசையில்லாமல் கிழிந்துகொண்டே இருக்கும் என்று அம்மாதான் சொன்னார். எனக்கும் ஒரு தடவை காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்த பிறகு, அந்த நுனி எறும்பின் காலைவிடச் சின்னதாக நகர்ந்தது. பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ஜன்னல் கண்ணாடியையெல்லாம் சந்தேகமாகப் பார்த்தேன். என் மனைவி, புதுசாக என்ன வந்தது உனக்கு என்று கேட்டாள்.

எவ்வளவு தடிமனான கண்ணாடி, எவ்வளவு பளுவில், எத்தனை காலம் தாங்கும். அம்மா எடுத்த அளவுகளிலிருந்து அதற்கு ஒரு விதி வந்தது. மருந்து புட்டியிலிருந்து கப்பல் ஜன்னல்வரை அந்த விதிப்படிதான் செய்கிறார்கள். உலகம் அதைப் பெரியவரின் விதி என்று சொல்கிறது. விதி வெளிவந்த கட்டுரையின் மேல் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: என் மனைவியின் பொறுமைக்கு நன்றி.

அதை அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். "பொறுமையாம். என்னைக்காவது நான் பொறுமையா இருந்து பார்த்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். பட்டை தவறி விழுந்தால் அவர் திட்டுகிற திட்டு படிக்கட்டு ஏறி மேலே வரும்.

பெரியவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் கீழே இறங்கி வந்து அன்றைய அளவுகளைக் கேட்பார். இரண்டு பேரும் கணக்குப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். எழுதுவது அவர், பேசுவது அவர். அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்ல அவரைப்போல ஆள் கிடையாது. "எனக்கு மேடையில நிக்க வராது, அவருக்கு ஸ்டூல்ல உக்கார வராது" என்று அம்மாவே சொல்வார். ஆரம்பத்தில் மேடையில் 'நாங்கள் கண்டோம்' என்றுதான் பேசினார். பதக்கங்கள் வர வர அந்த 'நாங்கள்' 'நான்' ஆனது. எந்தக் கூட்டத்தில் மாறியது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அம்மாவுக்குத் தெரியும். அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் போய்ச் சேர்ந்ததும் நிலையம் அவருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்ட ஆரம்பித்தது. கட்டியது எங்கே என்றால், அம்மாவின் பாதி ஜன்னலுக்கு நேர் எதிரே. கல் அறுக்கிற மெஷின் காலையில் தொடங்கினால் பொழுது சாய்கிறவரைக்கும் கத்தும். தூசி அறைக்குள் மாவு சலித்த மாதிரி விழும். அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பழைய துணியை மடித்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அப்போதுதான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எடைகளைச் சரிபார்க்கச் சொன்னார். கீறல் நகர்கிற வேகம் குறைந்துவிட்டது, எடை தேய்ந்திருக்கும், இல்லையென்றால் தாங்கியில் தூசி அடைந்திருக்கும் என்றார். நான் எடுத்துப் போய் நிறுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தன. தாங்கியைப் பார்த்தேன், ஆடவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் நான் மேசைக் காலுக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு இருமல் வந்தது. துணியை இறக்கிவிட்டு இருமினார், தண்ணீர் குடித்தார், துணியைக் கட்ட மறந்து கண்ணை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அசையாமல் ஆகிவிட்டார். துணியைக் கட்டினார், பார்த்தார். அவிழ்த்தார், பார்த்தார். இப்படியே பலமுறை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து எழுந்தேன்.

அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து மறுபடியும் இருமல் வந்தது. பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோனது.

"என் மூச்சு தம்பி. மூச்சுல இருக்கிற ஈரம் பட்டாக் கீறல் ஓடுது. துணி கட்டினா நிக்குது. இத்தனை வருஷமா கண்ணாடியை மட்டும் அளக்கறேன்னு நெனைச்சேன். என் மூச்சையும் சேர்த்துல்ல அளந்திருக்கேன்."

மூக்கு ஒரு விரல் மேலே இருக்கிற மாதிரி மேசையை அறுத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. எட்ட நின்று குனிகிறவர் யாராவது அளந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. நாள் முழுக்க, வருஷக்கணக்காகக் கிட்ட உட்கார்ந்தவரால்தான் இதைச் செய்ய முடியும்.

அதன் பிறகு நான் பார்த்த அம்மா வேறு ஆள். என்னைக் கொண்டு ஒரு பெட்டி செய்யச் சொன்னார், முன்பக்கம் கண்ணாடி, மூடினால் காற்றுப் புகாது. ஈரம் உறிஞ்சுகிற உப்பைப் போட்டு உலர்ந்த காற்றில் அளந்தார். ஈரத்துணி போட்டு அளந்தார். கடைசியில் கெட்டிலிலிருந்து குழாய் இழுத்து நீராவி விட்டு அளந்தார். உலர்ந்த காற்றில் கீறல் சோம்பேறி மாதிரி கிடந்தது. நீராவியில் ஓட்டமாக ஓடியது. விதி சொல்கிற காலத்தில் பாதிகூடத் தாங்கவில்லை.

அம்மாவின் முகம் ஏன் வெளிறியது என்று எனக்குப் புரிந்தது. பாய்லர் என்று ஒன்று இருக்கிறது, துணி வெளுக்கிற இடத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஆலையிலும். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட அதன் நெற்றியில் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். கேஜ் கிளாஸ் என்போம். எந்நேரமும் நீராவியில் வேகிற கண்ணாடி. அதை எப்போது மாற்ற வேண்டும் என்று பெரியவரின் விதியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பாய்லர்காரர் அதற்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க நிற்பார். வெடித்தால் கண் போய்விடும்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் கண்ணு போச்சோ" என்றார் அம்மா.

இயக்குநரைப் பார்க்கப் போனோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். இயக்குநர் பெரியவரின் மாணவர், படிக்கிற காலத்தில் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர், அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எழுந்து நாற்காலி போட்டார். அம்மா சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நிறம் மாறியது. மண்டபத் திறப்பு நெருங்குகிறது, பெரிய இடத்து விருந்தினர் வருகிறார், விதியை வாசல் கல்லில் செதுக்கியாகிவிட்டது என்றார். இந்த நேரத்தில் சார் விதியில் தப்பு என்று சாரின் மனைவியே சொன்னால் ஊர் என்ன பேசும் என்றார்.

அம்மா, சார் விதியில் தப்பில்லை, என் அளவில் தப்பு என்றார். ஒரு திருத்தம் போட்டால் போதும். இயக்குநர் யோசித்துவிட்டு வழி சொன்னார். சாரின் வெளிவராத குறிப்புகளில் கிடைத்தது என்று போட்டுவிடலாம், விதியை அவரே திருத்தினார் என்று ஆகிவிடும்.

"செத்த மனுஷன் எப்படிப்பா நேத்து அளந்தாரு?"

இயக்குநர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்படியென்றால் ஓர் உதவியாளரின் கவனக்குறைவு என்று, பெயர் போடாமல் எழுதிவிடலாமே, அக்காவுக்கும் கௌரவக் குறைவு வராது என்றார். அம்மா எழுந்துவிட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். படிக்கட்டில் அவர் என்னிடம், என் தப்பைக்கூட எனக்குத் தரமாட்டேன் என்கிறான் பாருங்கள் என்றார்.

கட்டுரை வந்த பத்திரிகைக்கு நேராக எழுதினார். பதில் மரியாதையாக வந்தது. கட்டுரையை எழுதியவர் மட்டுமே திருத்தம் அனுப்ப முடியும், வருந்துகிறோம். எழுதியவர் மண்ணுக்குள் இருக்கிறார். அளந்தவர் என்ற ஆள் அவர்கள் கணக்கில் பிறக்கவே இல்லை.

திறப்புவிழாவுக்கு வெளியூரிலிருந்து மகள் வந்தார். நல்ல பெண், அப்பா செல்லம். அன்று மதியம் படிக்கட்டு அறைக்குள் இரண்டு பேரும் பேசியது எனக்குக் காதில் விழுந்தது, நான் பெட்டியின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மறைந்து கேட்கவில்லை, என்னை அவர்கள் ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் பெயரில் மண் அள்ளிப் போட வேண்டுமா என்று மகள் அழுதார்.

"உங்கப்பா பேர்ல நான் எதுவும் போடலடி. அவர் பேரு நல்லதுக்கெல்லாம் இருக்கட்டும். தப்புக்காவது என் பேரு இருக்கட்டுமே. அதுக்கும் வழியில்லையா எனக்கு?"

மகள் எழுந்து வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, நீங்களாவது சொல்லக் கூடாதா என்பது போலப் பார்த்தார். நான் கீலுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

விழாவில் அம்மாவுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். 'வாழ்க்கைத் துணை சில வார்த்தைகள்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. இயக்குநர் முன்கூட்டியே வந்து, இரண்டு நிமிஷம் போதும் அக்கா, சார் வீட்டில் எப்படி இருப்பார் என்று சொல்லுங்கள், எல்லாரும் அதைத்தான் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்றார். அம்மா சரி என்று தலையாட்டினார். இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிற ஆள் இல்லையே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் மேடைக்குப் போனார். பின்னால் நான் பெட்டியையும் தாங்கிகளையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். யாரும் தடுக்கவில்லை, ஏதோ நினைவுப்பரிசு என்று நினைத்திருப்பார்கள். ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு பட்டைகள், ஒரே மாதிரி கீறல், ஒரே எடை. ஒன்றை உப்புப் போட்ட பெட்டிக்குள் வைத்து மூடினேன். இன்னொன்று வெளியே, மேசைமேல். அம்மா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். பட்டைக்குக் கிட்டே முகத்தை வைத்து உட்கார்ந்தார். ஊதவில்லை. சும்மா மூச்சு விட்டார், அவ்வளவுதான்.

மைக்கில் அந்த மூச்சு கேட்டது. மண்டபம் முழுக்க, ஒவ்வொரு மூலையிலும், ஒரு வயதான பெண் மூச்சு விடுகிற சத்தம். ஒலிபெருக்கியில் கோளாறு என்று நினைத்து இயக்குநர் ஒலிக்காரருக்குச் சைகை காட்டினார். ஒலிக்காரர் அங்கும் இங்கும் திருகினார். மூச்சு இன்னும் பெரிதாகக் கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. முதலில் எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். பிறகு இருமினார்கள், நெளிந்தார்கள். பின்வரிசையில் யாரோ எழுந்து டீ குடிக்கப் போனார்கள். இயக்குநர் மேடையோரம் வந்து, அக்கா, நேரமாகிறது என்று கெஞ்சினார். அம்மா முகத்தை எடுக்காமலே மைக்கில் சொன்னார்.

"உக்காருப்பா. இதுதான் வேலை. காத்துக்கிட்டு இருக்கிறதுதான். நீங்க யாரும் பார்த்ததில்லையே, இன்னைக்குப் பாருங்க."

மண்டபத்தில் குளிர்பதனம் வைத்திருந்தார்கள், காற்று உலர்ந்து கிடந்தது. எடையை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளரைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அவரோடு முன்வரிசையே எழுந்தது, மகளைத் தவிர. மகள் அசையாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டக் என்று ஒரு சத்தம், விரல் சொடுக்கின மாதிரி. அடுத்த நொடி எடை மேடைப் பலகையில் தொம்மென்று விழுந்தது. மைக்கில் அது குண்டு போட்ட மாதிரி கேட்டது. விருந்தினர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குள் இருந்த பட்டை முழுசாக, எடையைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றது.

அம்மா நிமிர்ந்தார். "வாசல்ல கல்லுல ஒரு விதி செதுக்கியிருக்கீங்க. அதுல என் மூச்சு கலந்திருக்கு. அளந்தது நான். கிட்ட உக்காந்து அளந்தேன், அதனால தப்பா அளந்தேன். தப்பு என்னோடது. ஈரத்துல கண்ணாடி இந்த விதி சொல்ற காலத்துக்குத் தாங்காது. பாய்லர் வச்சிருக்கிறவங்க நாளைக்கே கேஜ் கிளாஸை மாத்துங்க. அவரைப் பத்தி வீட்டுக் கதை இன்னொரு நாள் சொல்றேன்."

கை தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இறங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் செய்தித்தாளில், கணவரின் நினைவில் மூச்சுத் திணறிய மனைவி என்று போட்டார்கள். கண் கலங்கினார் என்றும் எழுதியிருந்தார்கள். அது தூசி இருமல். அந்தத் தாளை அம்மா ஸ்டூலுக்கு அடியில் ஆடாமல் இருக்க மடித்து வைத்தார்.

ஆனால் கூட்டத்தில் ஒரு பாய்லர் இன்ஸ்பெக்டர் இருந்திருக்கிறார். தடித்த ஆள், என்னைவிடக் கடுகடு. விழா அன்றைக்கே, எல்லாரும் விருந்துக்குப் போன பிறகு படிக்கட்டு அறையைத் தேடிக்கொண்டு வந்தார். நீராவியில் எடுத்த அளவுகளைக் கேட்டார். அம்மா கொடுத்தார். அதுவரை வெடித்த கேஜ் கிளாஸ்களை மட்டமான சரக்கு என்று சொல்லி வியாபாரிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். போகும்போது எல்லா பாய்லருக்கும் உத்தரவு போடப்போகிறேன், ஆனால் இது யாருடைய அளவு என்று நிலையம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

இங்கேதான் வேடிக்கை. விதி தப்பு, அதனால் ஆட்களுக்கு ஆபத்து என்று உத்தரவு வரப்போகிறது. அப்படியானால் பொறுப்பு யாருக்கு? நிலையத்துக்கா, பெரியவருக்கா? இரண்டும் கூடாது. அத்தனை வருஷம் விருந்தாளியாக வந்துபோன ஒருத்தரின் பெயர் அப்போது எல்லாருக்கும் ஒரேயடியாக நினைவு வந்தது. முத்திரை வைத்த தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: அளவுகள் அனைத்தும் இந்த அம்மையாரால் மட்டுமே எடுக்கப்பட்டவை, பிழைக்கும் அவரே பொறுப்பு. இயக்குநர் அதைக் கொண்டுவந்து நீட்டும்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அம்மா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இயக்குநருக்கு டீ சொல்லிவிடச் சொன்னார். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தப்பு முழுக்க என்னோடதுன்னா வேலையும் முழுக்க என்னோடதுதானே தம்பி? அவன் யோசிக்காம கையெழுத்துப் போட்டுட்டான்."

அந்தத் தாளைப் பத்திரிகைக்கு அனுப்பினார். அவர்களால் தட்ட முடியவில்லை. திருத்தம் வந்தது. அவர் பெயர் மேலே, தனியாக, பெரிய எழுத்தில். பொறுமைக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. வாசல் கல்லை மாற்றச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள், பழைய விதி இன்னும் அப்படியேதான் நிற்கிறது. கேஜ் கிளாஸை மட்டும் ஊர் ஊராக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றாத இடங்களும் இருக்கின்றன. உத்தரவு போட்டால் உடனே கேட்கிற உலகமா இது?

மண்டபத்துத் தூசி அம்மாவின் நெஞ்சை விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பட்டறை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மாவோடு அவர் சமாதானமாகிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் திருத்தம் வந்த பத்திரிகை தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது, அதை அங்கே வைத்தது மகள்தான். வருகிற டாக்டர்களெல்லாம் அம்மாவை இன்னார் மனைவி என்று சொல்லிப் பேசினார்கள். அம்மா ஒவ்வொருத்தரையும் திருத்தினார். மூச்சு வாங்கும், ஆனாலும் விடமாட்டார். மகள் நெற்றியில் கை வைத்துக்கொள்வார்.

கடைசியாகப் பார்த்த சாயங்காலம் அவர் பேசவே சிரமப்பட்டார். மூக்கில் குழாய். கண்ணை மூடிக் கிடந்தார், தூங்குகிறார் என்று நான் கிளம்ப எழுந்தேன். கீழ்த்தளத்தில் துணி வெளுக்கிற இடத்திலிருந்து புஸ்ஸென்று நீராவி விடுகிற சத்தம் வந்தது. அம்மா கண்ணைத் திறந்தார். இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கீழ பாய்லர் ஓடுது. போய்ப் பாருங்க தம்பி, கேஜ் கிளாஸை மாத்தியிருக்காங்களான்னு. மாத்தலைன்னா பேசிக்கிட்டு நிக்காதீங்க, முதல்ல அந்தாளைக் கண்ணாடிக்கு எதிர நிக்காம நகர்ந்து நிக்கச் சொல்லுங்க."